அடிபட்ட தலைக்கு ஐஸ் வைக்கலாமா?



செம்பனைக் காட்டில் ஒருவர் தலையில் மட்டை விழுந்தாலும் சரி, மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி ஒருவர் விழுந்தாலும் சரி, கூட்டம் கூடிய உடனே மூன்று குரல்கள் கேட்கும். "தண்ணி கொண்டாங்க, தலையில ஊத்துங்க!" என்பது ஒன்று. "தூக்கி உட்கார வைங்க!" என்பது இரண்டாவது. "யார் வீட்டுல ஐஸ் இருக்கு?" என்பது மூன்றாவது. எல்லாம் நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் அடிபட்ட தலைக்கும் முதுகுக்கும் நல்ல மனசு மட்டும் போதாது.

முதலில் அந்த ஐஸ் விஷயத்தை எடுத்துக் கொள்வோம். மூளையைக் குளிர வைத்து உயிரைக் காக்க முடியுமா என்று நம் லயத்து மக்கள் மட்டும் யோசிக்கவில்லை. பெரிய பெரிய மூளை அறுவை டாக்டர்களே 80 வருடங்களுக்கு மேலாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். அந்தக் கதையைத் தெரிந்து கொண்டால், நாம் செய்ய வேண்டியது எது, டாக்டரிடம் விட வேண்டியது எது என்று தானாக விளங்கும்.

மூளையின் பசி

மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. உடம்பின் எடையில் 100-க்கு 2 பங்குதான். ஆனால் நாம் இழுக்கும் பிராணவாயுவில் 5-ல் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக் கொள்கிறது. அதனிடம் சேமிப்பும் கிடையாது. ரத்த ஓட்டம் அடியோடு நின்றால் 4, 5 நிமிடங்களில் மூளை அணுக்கள் சாகத் தொடங்கும். பால் மரத்தில் வெட்டிய பட்டை மறுபடி வளர்ந்து மூடிக் கொள்கிறது. செத்த மூளை அப்படி வளராது.

நம் உடம்பின் சாதாரணச் சூடு 37 டிகிரி. பெரியவர்கள் சொல்லும் பழைய கணக்கில் 98.4. இந்தச் சூடு ஒரு டிகிரி இறங்கினால் மூளையின் பிராணவாயுத் தேவை 100-க்கு 6, 7 பங்கு குறைகிறது. 28 டிகிரிக்கு இறக்கினால் ஏறக்குறைய பாதியாகிறது. அடுப்புத் திரியை இறக்கி வைத்தால் மண்ணெண்ணெய் கூடுதல் நேரம் வருவதில்லையா? அதே கணக்குதான். குளிர்ச்சி காயத்தை ஆற்றுவதில்லை. டாக்டருக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் துணிந்தவர்

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் டெம்பிள் ஃபே என்ற மூளை அறுவை டாக்டர் இருந்தார். கை கால் போன்ற குளிர்ந்த பாகங்களில் புற்றுநோய் குறைவாக வருவதைக் கண்டு, குளிர்ச்சி அந்த நோயை அடக்குமா என்று பார்க்க விரும்பினார். 1938-ல் நோயாளிகளின் உடம்பையே குளிர வைக்க ஆரம்பித்தார். முதலில் ஐஸ்கட்டிகளை வைத்தே செய்தார். பிறகு குளிர்ந்த திரவம் ஓடும் குழாய் வைத்த போர்வையைச் செய்தார். மூளைக்குள் வைத்துக் குளிரூட்டும் சின்ன உலோகக் குப்பியையும் உண்டாக்கினார். வலி குறைந்தது, புற்றுநோய் தீரவில்லை. பலமாகத் தலையில் அடிபட்டவர்களுக்கும் அவர் இந்த முறையைக் கையாண்டார்.

பிறகு உலக யுத்தம் வந்தது. ஜெர்மனியில் டாக்காவ் சிறைமுகாமில் நாஜிகள் கைதிகளை ஐஸ் தண்ணீரில் போட்டுச் சித்திரவதை செய்து, அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தார்கள். பலர் அதில் மாண்டார்கள். அந்தக் கொடுமை வெளியே வந்ததும், நோயாளியைக் குளிர வைப்பது என்ற பேச்சுக்கே கெட்ட பெயர் ஏற்பட்டது.

மூளையை மட்டும் குளிர வைத்த இராபர்ட் வைட்

உடம்பு முழுவதையும் அதிகம் குளிர வைத்தால் இன்னொரு சிக்கல் உண்டு. 28 டிகிரிக்குக் கீழே போனால் இருதயம் தாளம் தப்பித் துடித்து நின்று விடக்கூடும். மூளையைக் காப்பாற்றப் போய் இருதயத்தை இழந்த கதையாகிவிடும்.

இதற்கு வழி தேடியவர்தான் டாக்டர் இராபர்ட் வைட். 1926-ல் பிறந்தவர், 2010-ல் காலமானார். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து ஆஸ்பத்திரியில் மூளை அறுவை டாக்டராக இருந்தார். "உடம்பு முழுவதையும் ஏன் குளிர வைக்க வேண்டும்? மூளைக்குப் போகும் ரத்தத்தை மட்டும் குளிர வைத்தால் என்ன?" என்பது அவருடைய எண்ணம். ரத்தக் குழாயிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, குளிரூட்டும் கருவி வழியே ஓட விட்டு, கழுத்துக் குழாய் மூலம் மூளைக்கு அனுப்பினார். மிருகங்களில் செய்த சோதனைகளில், இப்படி நன்றாகக் குளிர்ந்த மூளை, ரத்த ஓட்டம் நின்றாலும் 4, 5 நிமிடக் கணக்கைத் தாண்டி வெகுநேரம் தாங்கியது.

இதே டாக்டர் 1970-ல் ஒரு குரங்கின் தலையை இன்னொரு குரங்கின் உடம்பில் பொருத்தினார். தலை விழித்துப் பார்த்தது, கண்ணால் தொடர்ந்தது. ஆனால் கழுத்துக்குக் கீழே ஒரு விரல்கூட அசையவில்லை. சில நாட்களில் அது இறந்து போனது. இது மிருகவதை என்று அவரைக் கடுமையாகக் கண்டித்தவர்கள் உண்டு. அது நியாயமா இல்லையா என்பது வேறு விவகாரம். நாம் இதிலிருந்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரத்தக் குழாய்களைத் தைத்து ஒட்டிய அந்தக் கெட்டிக்காரக் கைகளுக்கும், அறுந்த தண்டுவடத்தைச் சேர்க்க வழி தெரியவில்லை.

தண்டுவடத்துக்குக் குளிர்ச்சி

முதுகெலும்பு என்பது வெளிக்கூடு. அதன் உள்ளே சுண்டுவிரல் பருமனில் ஓடும் நரம்புக் கொத்துதான் தண்டுவடம். "நட" என்று மூளை போடும் உத்தரவு அதன் வழியாகத்தான் காலுக்குப் போகிறது. அடிபட்ட நிமிடத்தில் அது முழுக்க அறுந்து போவது எப்போதும் நடப்பதில்லை. நசுங்குகிறது, பிறகு வீங்குகிறது. கூடு எலும்பு என்பதால் வீக்கத்துக்கு இடமில்லை. தனக்குத் தானே நெருக்குண்டு, ரத்தம் கிடைக்காமல் மிச்சமிருந்த நரம்பும் சாகிறது.

டாக்டர் வைட்டும் அவரோடு வேலை செய்த டாக்டர் மோரிஸ் அல்பினும் 1960-களில் இந்த வீக்கத்தை அடக்கப் பார்த்தார்கள். தண்டுவடம் நசுங்கிய மிருகங்களுக்கு, அந்த இடத்தில் மட்டும் குளிர்ந்த உப்பு நீரை மணிக்கணக்கில் ஓட விட்டார்கள். அடிபட்டு 4 மணி நேரம் கழித்துத் தொடங்கியும், குளிர வைத்த மிருகங்கள் பல மறுபடி நடந்தன. மனிதர்களிடமும் இதைச் செய்து பார்த்தார்கள். சிலருக்குப் பலன் தெரிந்தது, பலருக்கு இல்லை. அந்தச் சில மணி நேரத்துக்குள் நோயாளியை அறுவைக் கூடத்துக்குக் கொண்டு வருவதே பெரும்பாடாக இருந்தது.

2007-ல் அமெரிக்காவில் கெவின் எவரெட் என்ற பந்து விளையாட்டு வீரர் கழுத்தில் அடிபட்டு விழுந்தார். ஆம்புலன்ஸிலேயே குளிர்ந்த உப்பு நீரை ரத்தத்தில் ஏற்றினார்கள். பிற்பாடு அவர் எழுந்து நடந்தார். காரணம் குளிர்ச்சியா, உடனே கிடைத்த நல்ல அறுவைச் சிகிச்சையா என்று டாக்டர்களுக்குள் இன்றும் ஒரே கருத்து இல்லை.

பரிட்சையில் கிடைத்த பதில்

ஒருவர் பிழைத்த கதையை வைத்து வைத்தியத்தை முடிவு செய்ய முடியாது. நூற்றுக்கணக்கானவர்களை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தலையில் பலமாக அடிபட்டவர்களிடம் அப்படிப் பார்த்தார்கள். 2001-ல் அமெரிக்க ஆராய்ச்சியில் பலன் இல்லை. 2015-ல் ஐரோப்பிய ஆராய்ச்சியில் குளிர வைத்தவர்களின் நிலை மோசமாகவே இருந்தது. 2018-ல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் முன்னின்று பல நாடுகளில் 500-க்கு மேற்பட்டவர்களிடம் பார்த்ததிலும் பலன் இல்லை. குளிர்ந்த ரத்தம் சரியாக உறையாது. நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். லாபத்தை இந்த நஷ்டம் தின்று விடுகிறது.

அதனால் குளிர்ச்சி வைத்தியம் வீண் என்று எண்ணிவிட வேண்டாம். இருதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயை அறுத்துத் தைக்கும் போது, இன்றும் உடம்பைக் குளிர வைத்துத்தான் மூளையைக் காக்கிறார்கள். பிரசவத்தில் மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளை 6 மணி நேரத்துக்குள் குளிர வைக்கத் தொடங்கி, 72 மணி நேரம் 33, 34 டிகிரியில் வைத்தால் பலருடைய மூளை தப்புகிறது என்று 2005-ல் வந்த ஆராய்ச்சிகள் காட்டின.

இங்கே நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நம் பெரியவர்களுக்குத் தெரியும். இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைப் பிரிவை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது அங்கேதான். அதே ஆஸ்பத்திரியின் குழந்தை டாக்டர்கள் புளூஸ் என்ற இந்தியக் கம்பெனியோடு சேர்ந்து 'மிராக்ரேடில்' என்ற குளிர் தொட்டிலை உருவாக்கினார்கள். ஐஸ்கட்டி உருகி முடியும் வரை அதன் குளிர் ஒரே அளவில் நிற்கும் அல்லவா? அதுபோல, குறிப்பிட்ட சூட்டில் மட்டுமே உருகும் ஒரு பொருளைத் தொட்டிலின் அடியில் வைத்திருக்கிறார்கள். விலையுயர்ந்த யந்திரம் வேண்டாம். ஓயாத மின்சாரமும் வேண்டாம்.

இதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் 7 ஆஸ்பத்திரிகளில் 408 குழந்தைகளிடம், வேறொரு கருவியைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2021-ல் வெளிவந்தது. குளிர வைத்த குழந்தைகளில் 100-க்கு 42 பேரும், குளிர வைக்காதவர்களில் 31 பேரும் இறந்தார்கள். ஓர் ஊரில் மருந்தாக இருப்பது இன்னோர் ஊரில் அப்படியே மருந்தாகி விடுவதில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே, டாக்டர் பக்கத்தில் இருந்தே இந்த நிலை என்றால், நாம் வீட்டு ஐஸைக் கொண்டு மூளைக்கு வைத்தியம் பார்க்கலாமா?

நம் கையில் இருப்பது என்ன?

சபாக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரி 100 கிலோமீட்டருக்கு மேல். அவகாசத்தைக் குளிர்ச்சியால் வாங்க நம்மால் ஆகாது. ஆனால் வீணாக்காமல் இருக்க முடியும்.

தலையில் அடிபட்டால்: தண்ணீர் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். வெளியே புடைத்திருந்தால் துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைக்கலாம். அது தோல் வீக்கத்துக்குத்தான், மூளை வரை போகாது. "எழுந்து நல்லாத்தான் பேசினாரு, சாப்பிட்டுட்டுப் படுத்தாரு, காலையில எழுந்திருக்கல" என்ற பேச்சைத் தோட்டத்தில் கேட்டிருப்பீர்கள். மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்தால் அப்படித்தான் நடக்கும். திரும்பத் திரும்ப வாந்தி, அதிகத் தூக்கம், உளறல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, இரண்டு கண்மணிகளில் ஒன்று மட்டும் பெரிதாவது, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் வடிவது, இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முதுகிலோ கழுத்திலோ அடி என்றால்: "தூக்கி உட்கார வைங்க" என்ற குரலைத் தயவு செய்து அடக்குங்கள். நசுங்கிய தண்டுவடம் அந்த ஒரு தூக்கலில் அறுந்து போகலாம். ஒருவர் தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக் கொள்ளட்டும். 999-க்குப் போன் செய்யுங்கள். அங்கேயே இருந்தால் ஆபத்து என்றால் மட்டும், நான்கைந்து பேர் சேர்ந்து, தலை, முதுகு, இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க, மரக்கட்டையைப் புரட்டுவது போல ஒரே நேரத்தில் புரட்டி, அகலப் பலகையிலோ கழற்றிய கதவிலோ வையுங்கள். வாந்தி எடுத்தாலும் அப்படியே முழு உடம்பையும் சேர்த்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். காரின் பின் சீட்டில் மடக்கிப் போடவே கூடாது.

வெயிலில் சுருண்டு விழுந்தால்: இங்கே மட்டும் "தண்ணி கொண்டாங்க" என்ற குரல்தான் சரி. உடம்பு நெருப்பாய்க் கொதித்து, புத்தி தடுமாறினால் அது வெயில் தாக்கு. 40 டிகிரிக்கு மேல் போனால் மூளை பாதிக்கப்படும். நிழலுக்குக் கொண்டு போங்கள். மேல் சட்டையைக் கழற்றி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. வேலையில் அடிபட்டாலும், வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. விபத்தை அன்றே நிர்வாகத்திடம் சொல்லி எழுத வையுங்கள். மருந்தகச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். எதுவும் தடங்கலானால் சங்கக் கிளைக்கு வாருங்கள்.

"பக்கத்துல கடைக்குத்தானே போறேன்" என்று தலைக்கவசத்தை ஆணியில் மாட்டிவிட்டுப் போகும் தம்பிமார்களே! டாக்டர் வைட்டைப் போன்றவர்கள் ஆயுள் முழுவதும் பாடுபட்டும், செத்த மூளையை எழுப்பவோ அறுந்த தண்டுவடத்தை ஒட்டவோ மருந்து கண்டுபிடிக்கவில்லை. மாட்டிக் கொண்டு போக உங்களுக்கு ஆகும் நேரம் அரை நிமிடம்.