பாடச்சுமை – 11: ஏழு இருபதுக்கு மணி

தேர்வு முடிவு வரும் நாளில் வீடுகள் படும் பாட்டைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் பள்ளி மனநல ஆலோசகர்கள் முறை. ஆனால் அதற்காகப் புரட்டியபோது 1998-ல் வெளியான ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

மேரி கார்ஸ்கடன் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளின் தூக்கத்தைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவருபவர். அப்போது அவர் ஊர்ப் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்குக் காலை 8:25-க்கு மணி அடித்தது. பத்தாம் வகுப்பு போனால் 7:20-க்கு. அப்படி மாறிய மாணவர்களை ஆய்வுக்கூடத்தில் இரவு தங்கவைத்தார். தலையில் மின்முனைகளை ஒட்டி, வழக்கமான பள்ளி நேரத்துக்கே எழுப்பினார். எட்டரை மணிக்கு இருட்டறையில் மறுபடி படுக்கச் சொன்னார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் சில நிமிடங்களிலேயே நேராகக் கனவுத் தூக்கத்துக்குள் போய்விட்டார்கள். சாதாரணமாக, படுத்து ஒன்றரை மணி நேரம் ஆன பிறகுதான் அந்தக் கட்டம் வரும். இவ்வளவு சீக்கிரம் வருவது நார்கோலெப்சி என்ற தூக்க நோய் உள்ளவர்களுக்கு. இந்தப் பிள்ளைகளுக்கோ எந்த நோயும் இல்லை. எட்டரை மணி என்பது அவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டிய நேரம். உடம்புக்கு அது இன்னும் நடுராத்திரி!

பருவ வயதில், தூக்கத்துக்கு அறிகுறி காட்டும் மெலடோனின் சுரக்கும் நேரமே இரவில் பின்னால் தள்ளிப்போகிறது. மாணவர்களின் உமிழ்நீரை எடுத்து கார்ஸ்கடன் இதை அளந்திருக்கிறார். செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுக்கப் போட்டாலும், பிள்ளை ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பது இதனால்தான். அந்த வயதுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். அது நாள்தோறும் குறைந்தால் முதலில் அடிபடுவது மனசு. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவது, காரணமில்லாமல் அழுவது, பிடித்த விளையாட்டில்கூட நாட்டமில்லாமல் போவது என்று அது வெளியே தெரியும். வீட்டில் இதற்குத் ‘திமிர்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். பதினொன்றரைக்குப் படுத்த பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை, “விடியக்காலம் படிச்சாத்தான் மனசுல நிக்கும்” என்று நாலரைக்கு எழுப்பி உட்காரவைக்கும் வீடுகளை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அதற்கு மேல் காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, இரவில் டியூஷன்.

சரி, அமெரிக்காவில் ஏழு இருபதுக்கு யார் மணி அடிக்கச் சொன்னது? பெரும்பாலும் பஸ்தான்! பல ஊர்களில் ஒரே பஸ் இரண்டு மூன்று நடை அடிக்கிறது. முதல் நடையில் பெரிய பிள்ளைகள், கடைசியில் சின்னப் பிள்ளைகள். கோழி கூவும்போதே எழுந்து வீட்டை இரண்டாக்கும் வாண்டுகளுக்குத் தாமதமான பள்ளி. எழவே முடியாத வயதுக்கு அதிகாலைப் பள்ளி.

சியாட்டில் நகரம் 2016-ல் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. உயர்நிலைப் பள்ளிகள் 7:50-லிருந்து 8:45-க்குப் போயின; தொடக்கப் பள்ளிகள் பலவும் முந்திக்கொண்டன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் இரண்டு பள்ளி மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். கூடுதல் நேரத்தைப் பிள்ளைகள் அரட்டைக்குச் செலவழிப்பார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் படுக்கும் நேரம் பெரிதாக மாறவில்லை. தூக்கம் நாளுக்கு 34 நிமிடம் கூடியது. இரண்டில் ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிப்பது ஃபிராங்க்ளின் பள்ளி. அங்கே தாமதமாக வருவதும் வராமலே போவதும் குறைந்து, வசதியான மற்றப் பள்ளியின் அளவுக்கு வந்துவிட்டது. கலிபோர்னியா ஒரு படி மேலே போய், உயர்நிலைப் பள்ளிகள் 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டது. 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

ஆலோசகர்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆலோசகரின் அறைக் கதவை முதலில் தட்டுவது யார், தட்டவே தயங்குவது யார் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)