கோது கழற்றும் சிலந்தி

தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிப் பக்கம் நண்டு வாங்கப் பழகியவர்கள் முதலில் அதைத் தூக்கிப் பாரம் பார்ப்பார்கள். பிறகு அடிப்பக்கத்தை விரலால் அமத்திப் பார்ப்பார்கள். அமுங்கினால் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். அது பழைய கோதைக் கழற்றிச் சில நாள்களே ஆன நண்டு. உடைத்தால் சதையை விடத் தண்ணீரே கூடுதலாக இருக்கும். புதுக் கோது இறுகும்வரை அந்த நண்டு சேற்றுக்குள்ளும் கண்டல் வேர்களுக்கிடையிலும் ஒளிந்துகிடக்கும். அதன் வாழ்நாளில் மிக ஆபத்தான காலம் அதுதான்.

நண்டு, இறால், தேள், பூரான், சிலந்தி எல்லாவற்றுக்கும் இந்தக் காலம் வரும். இவற்றின் உடலைத் தாங்குவது வெளியே இருக்கும் புறவன்கூடு. கைற்றினும் புரதமும் சேர்ந்த அந்தக் கூடு விரிந்து கொடுக்காது. வளர வேண்டுமானால் உள்ளே புதிய கூடொன்றை உண்டாக்கிக்கொண்டு பழையதைக் கழற்றத்தான் வேண்டும். எக்டைசோன் என்ற ஓமோன் இதைத் தொடக்கிவைக்கிறது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் செல்லப்பிராணிக் கடைகளில் டரன்டுலா என்ற பெருஞ்சிலந்தி விலைக்குக் கிடைக்கிறது. மெக்சிகோவின் செம்முழங்கால் சிலந்தி அவற்றுள் பேர்பெற்றது. அங்குள்ள பேரப்பிள்ளை ஒன்று அதை ஆசையாக வளர்க்கிறதென்றால், கோது கழற்றும் நாளில் அந்தப் பிள்ளை பதறாமல் இருப்பதில்தான் சிலந்தியின் உயிர் தங்கியிருக்கிறது.

முன்னறிகுறிகள் தெளிவானவை. நன்றாகத் தின்றுகொண்டிருந்த சிலந்தி இரையைத் தொடாது. வயிறு பெருத்து மினுங்கும். அமெரிக்கக் கண்டத்து இனங்களில் வயிற்றின் மேல் மயிர் உதிர்ந்து வழுக்கையான இடம் இருந்தால், அது நாளுக்கு நாள் கறுத்து வரும். பழைய தோலின் கீழே புது மயிர் வந்துவிட்டதால் தெரியும் கறுப்பு அது. பெரிய சிலந்தி வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கிலும் பட்டினி கிடக்கும். அதற்காகத் திரும்பத் திரும்ப இரை போடக்கூடாது.

பிறகு ஒரு நாள் நிலத்தில் பட்டுநூலால் விரிப்பு நெய்து, அதன்மேல் மல்லாந்து படுக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். கால்களைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். சிலந்திக்குக் காலின் முக்கிய மூட்டுகளை மடக்கத் தசை உண்டு. நீட்டத் தசை இல்லை. குருதியை அழுத்தத்தோடு செலுத்தித்தான் காலை நீட்டுகிறது. ஆகவே சாகும் சிலந்தி அழுத்தம் குறைந்து, பெரும்பாலும் நின்ற நிலையிலேயே, கால்களை உடலுக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும். கோது கழற்றும் சிலந்தி மல்லாந்து கால்களை விரித்துக் கிடக்கும். அதைப் புரட்டி நிமிர்த்தினால், காப்பாற்றுவதாக எண்ணிக் கொன்றுவிடுவோம்.

அந்த வேளையில் வயிற்றிலிருந்து குருதி முன்னுடலுக்குத் தள்ளப்படுகிறது. அழுத்தம் ஏற ஏற முதுகோடு விளிம்பில் வெடித்து மூடிபோலக் கழன்றுவிடும். பின்பு எட்டுக் கால்களையும் பழைய உறைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுக்கும். குஞ்சுக்கு இது விரைவில் முடிந்துவிடும். பெரியதற்குப் பல மணிநேரம் எடுக்கும். கழல்வது வெளித்தோல் மட்டுமில்லை. நச்சுப்பற்களின் உறை, தொண்டை, உறிஞ்சும் இரைப்பை, ஏட்டு நுரையீரல் ஆகியவற்றின் உள்வரியும் கூடவே வந்துவிடும்.

வளர்ப்பவர் செய்ய வேண்டியவை கொஞ்சந்தான். பெட்டிக்குள் உயிரோடு சிள்வண்டோ கரப்பொத்தானோ இருந்தால், சிலந்தி மல்லாந்து படுக்க முன்னரே எடுத்துவிடுங்கள். அசைய முடியாமல் கிடக்கும் சிலந்தியைச் சிள்வண்டு கடித்துத் தின்றுவிடும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். உடலில் நீர்ப்பற்றுக் குறைந்த சிலந்தி பாதியிலேயே சிக்கிக்கொள்ளலாம். அதற்காக அதன்மேல் தண்ணீர் தெளிக்கக்கூடாது. பெட்டியை நகர்த்தாதீர்கள், தட்டாதீர்கள், ஊதாதீர்கள். ஒரு கால் சிக்கினால்கூட இழுத்துவிடாதீர்கள். மென்தோல் கிழிந்தால் குருதி வடிந்து சிலந்தி இறந்துவிடும். கால் ஒன்றை இழந்தாலும், அடுத்தடுத்த முறைகளில் அது மீண்டும் முளைத்துவிடும்.

கழற்றி முடித்த சிலந்தியின் நச்சுப்பற்கள் வெள்ளையாக, மெதுமையாக இருக்கும். அவை மெல்லச் சிவந்து, கடைசியில் கறுத்து இறுகும். கறுக்கும்வரை இரை கொடுக்கக்கூடாது. சிறியதற்கு ஒரு கிழமை, பெரியதற்கு இரண்டு மூன்று கிழமை பொறுத்திருங்கள்.

இந்தப் பெருஞ்சிலந்திகள் எங்கள் வடக்கிலும் இருக்கின்றன. 2009இல் ஊரவர்கள் கொன்ற ஆண் சிலந்தியொன்று ஆய்வாளர் ரணில் நாணயக்காரவின் குழுவினர் கைக்குப் போனது. தேடலின் முடிவில் மாங்குளத்தில் கிடைத்த சிலந்திகளையும் வைத்து, 2012இல் அது பொசிலோத்தீரியா ராஜேய் என்ற புதிய இனமாக விவரிக்கப்பட்டது. போருக்குப் பிந்திய வன்னியில் குழுவுக்குத் துணைநின்ற பொலிஸ் அதிகாரி மைக்கேல் ராஜகுமார் புராஜாவின் பெயரே அதற்கு இடப்பட்டது. கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரை வரும். இராமேசுவரத்தின் அனுமவிலாசம் கோயிற் சோலையிலிருந்து 2004இல் விவரிக்கப்பட்ட இன்னோர் இனம் பின்னர் மன்னாரிலும் கண்டறியப்பட்டது. இவற்றின் வீடு முதிய மரங்களின் பொந்து. மரம் தறிபட்டால் அவை வீட்டுச் சுவருக்கு வந்துவிடும். 2019இல் பொசிலோத்தீரியா பேரினத்து இனங்கள் எல்லாம், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டன. இவற்றைப் பிடித்து வளர்க்க நினைப்பது தவறு. கடித்தால் கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் வரும். ஆனால் விரட்டி வந்து கடிக்கும் பிராணி இல்லை. வீட்டுக்குள் கண்டால் தும்புத்தடியை ஓங்காமல், அகன்ற போத்தலால் மூடி, அடியில் மட்டையைச் செருகிக் கொண்டுபோய் மரத்தடியில் விடுங்கள்.

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள் எழுதாத வடமாகாண மாணவர் குறைவு. புறவன்கூட்டைப் பற்றிப் படிக்கும் அந்தப் பிள்ளைகள் அதைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். சிலந்தி விட்டுப்போன கோதைச் சிறிது சவர்க்காரம் கலந்த நீரில் ஊறவைத்தால் இளகும். காகிதத்தில் விரித்துக் காயவைத்துக் கைவில்லையால் பார்த்தால் எட்டுக் கண்களின் தடமும், நச்சுப்பற்களும், ஏட்டு நுரையீரலின் வெண்தகடுகளும் தெரியும். பெண்ணென்றால் விந்தை வைத்திருக்கும் பையின் உள்வரிகூட வயிற்றுத்தோலில் இருக்கும். உடலைக் கீறிப் படிப்பதில் பெரும்பகுதியை இதிலேயே படிக்கலாம். அதற்கு ஒரு சிலந்தியும் சாக வேண்டியதில்லை.