மின் மிதிவண்டியில் கியர் சரியாக விழவில்லையா? முதலில் மோட்டாரை அணைத்துப் பார்க்க வேண்டும்

கொச்சி: எர்ணாகுளம் பிராட்வே சந்தையின் நெரிசலான தெருக்களில் மிதிவண்டியில் செல்பவர், சிறிது தூரத்துக்குள்ளேயே பலமுறை நின்று புறப்பட வேண்டியிருக்கிறது. அங்கிருந்து சாலை வழியாக மட்டாஞ்சேரிக்குச் செல்வதென்றால் வெண்டுருத்தி பாலம், வில்லிங்டன் தீவு, தோப்பும்படி பாலம் ஆகியவற்றைக் கடக்க வேண்டும். பெரும்பாலும் சமதளமான இந்நகரில் மிதிவண்டிக்கு ஏற்றம் என்று சொல்லத்தக்கவை பாலங்களே. நின்று புறப்படும்போதும் பாலத்தில் ஏறும்போதும் கியர் உடனடியாக மாறியாக வேண்டும்.

பழைய கியர் மிதிவண்டியில் மோட்டார் பொருத்தியவர்கள் பலருக்கு இந்த இடங்களில்தான் சிக்கல் எழுகிறது. லீவரை அழுத்தினாலும் கியர் விழுவதில்லை; விழுந்தாலும் செயின் துள்ளுகிறது; சில வேளைகளில் கழன்றுவிடுகிறது. பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் பேருந்து வரும் நேரத்தில் பெடல் திடீரென வெறுமையாகச் சுழன்றால் ஓட்டுபவர் நிலைதடுமாறி விழும் ஆபத்து உண்டு.

இத்தகைய நிலையில் கியர் தொகுதி முழுவதையும் மாற்றுவோர் பலர். ஆனால் பெரும்பாலான நேரங்களில் கோளாறு அதில் இருப்பதில்லை. மோட்டார் பொருத்தியபோது ஏற்பட்ட மாற்றமோ, ஓட்டும் பழக்கமோதான் காரணமாக இருக்கும்.

எளிய முதல் சோதனை

மோட்டாரை அணைத்துவிட்டு, சாதாரண மிதிவண்டியைப் போல் மிதித்து எல்லா கியர்களையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் கியர் சரியாக விழாவிட்டால் கோளாறு கேபிள், டெரய்லர், பல்சக்கரங்கள் ஆகியவற்றில் இருக்கிறது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் பாகமே டெரய்லர் எனப்படுகிறது. மோட்டார் அணைந்திருக்கும்போது சரியாக விழுந்து, இயங்கும்போது மட்டும் தடுமாறினால், செயின் மீது விழும் சுமையே காரணம்.

மோட்டார் இருக்கும் இடம் முக்கியம்

மோட்டார் பொருத்தும் முறைகளில் இரண்டு பரவலானவை. சக்கரத்தின் நடுவில் அமையும் ஹப் மோட்டார், சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுகிறது. அதன் விசை செயின் வழியாகச் செல்வதில்லை. பெடல் அச்சில் அமையும் மிட் டிரைவ் மோட்டாரோ தன் முழு விசையையும் செயின் வழியாகவே பின்சக்கரத்துக்கு அனுப்புகிறது.

சாதாரணமாக மிதிப்பவரின் கால்கள் தொடர்ந்து தரும் ஆற்றல் சுமார் 100 வாட். அதனுடன் 250 வாட் மோட்டாரும் சேரும்போது செயினுக்கு வரும் சுமை மூன்று மடங்குக்கு மேல் உயர்கிறது. செயின் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த பல்லைப் பிடிக்க, அந்தக் கணத்தில் சுமை குறைந்திருக்க வேண்டும். மேலும் சில மோட்டார்கள், மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே காலை மட்டும் தளர்த்துவது போதாது.

இதற்குச் செலவில்லாத தீர்வு பிரேக் லீவரில் உள்ளது. பல மாற்றுத் தொகுப்புகளில் லீவரைச் சற்று அழுத்தியதும் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் துண்டிக்கப்படும். பிரேக் பிடிக்காத அளவுக்கு லீவரை இலேசாகத் தொட்டு, பெடலை மெதுவாகச் சுழற்றியபடி கியரை மாற்றினால் செயின் அமைதியாக நகரும். கேபிளின் அசைவை உணர்ந்து மோட்டாரைத் தானாகவே ஒரு கணம் நிறுத்தும் கியர் சென்சாரும் கிடைக்கிறது. எந்த முறையானாலும் பாலத்தின் ஏற்றம் தொடங்கும் முன்பே இலகுவான கியருக்கு மாறிவிடுவது நல்லது.

சக்கரம் மாறினால் அளவும் மாறும்

பின்சக்கரத்தில் ஹப் மோட்டார் பொருத்தும்போது பழைய சக்கரமே அகற்றப்படுகிறது. புதிய சக்கரத்தில் பல்சக்கரத் தொகுதி சில மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ அமையலாம். அதற்கேற்ப டெரய்லரை மறுசீரமைக்காவிட்டால் கியர் சரியாக விழாது.

பல்சக்கரங்களின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். 7 பல்சக்கரங்கள் கொண்ட தொகுதியில் அடுத்தடுத்த சக்கரங்களின் மைய இடைவெளி சுமார் 5 மில்லிமீட்டர். 9 கொண்டதில் சுமார் 4.3 மில்லிமீட்டர். லீவர் ஒன்றுக்கும் தொகுதி மற்றொன்றுக்கும் உரியதாக இருந்தால், எவ்வளவு திருகினாலும் எல்லா கியர்களும் சரிவர விழாது.

சரிபார்க்கும் வரிசை

முதலில் டெரய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துள்ளதா என்று பின்புறமிருந்து பார்க்க வேண்டும். வண்டி வலப்புறமாகச் சாய்ந்து விழுந்தாலே அது வளைந்துவிடும். வளைந்த ஹேங்கரை நிமிர்த்தாமல் மற்றவற்றைத் திருகுவது வீண்.

அடுத்து கேபிள். கடற்காற்றும் மழையும் மிகுந்த கொச்சி போன்ற ஊர்களில் உறைக்குள் கேபிள் துருப்பிடிப்பது இயல்பு. பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கலாம். அதன் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகைக் கால் சுற்றுச் சுற்றாகத் திருகி இறுக்கிப் பார்க்க வேண்டும். சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் கேபிள் அதிகம் இறுகியிருக்கலாம், அல்லது துருவால் சிக்கியிருக்கலாம். துருப்பிடித்திருந்தால் கேபிளையும் உறையையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

மூன்றாவது, டெரய்லரில் உள்ள இரு எல்லைத் திருகுகள். செயின் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை இவை கட்டுப்படுத்துகின்றன. உள்பக்க எல்லை தவறினால் செயின் ஸ்போக்குகளுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே சிக்கி, சக்கரம் ஓடும்போதே நின்றுவிடலாம்.

கடைசியாகச் செயின் தேய்மானம். புதிய செயினில் அடுத்தடுத்த 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலத்துக்கு மேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவைத்தால் பல்சக்கரங்களும் தேய்ந்து, செலவு பெருகும். மிட் டிரைவ் வண்டிகளில் இந்தத் தேய்மானம் விரைவாக நிகழ்கிறது.

கூடுதல் ஆற்றல் தீர்வாகாது

கியர் விழாத வண்டிக்குப் பெரிய மோட்டார் பொருத்துவது சிக்கலை மறைக்குமே தவிர நீக்காது. மிட் டிரைவ் வண்டியில் செயின் அறுபடும் வாய்ப்பும் கூடும். மேலும் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகம் ஆகிய வரம்புகளுக்குள் இருந்தால் மட்டுமே இத்தகைய வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. வரம்பைத் தாண்டினால் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படும்.

பழைய மிதிவண்டியின் செயினும் பல்சக்கரமும் மனிதக் கால்களின் விசையைக் கருதி அமைக்கப்பட்டவை. மோட்டார் பொருத்திய பின் அவற்றை ஒருமுறை முழுமையாகச் சீரமைப்பதும், கியர் மாற்றும் கணத்தில் மோட்டாருக்கு ஓய்வு தருவதும் பாலத்தின் நடுவே செயின் நழுவும் ஆபத்தைப் பெருமளவு குறைக்கும்.