கணக்குக்கு நகல் எடுத்தபின் கணினியைப் புதுப்பிப்போம்

கடையடைத்த பின் வீட்டுக் கணினியில் ஜி.எஸ்.டி. கணக்கு முடிப்பது காரைக்கால் வணிகர்களான நம்மில் பலரின் வழக்கம். பக்கத்து நாகப்பட்டினத்துச் சரக்கும் நமக்கு வெளிமாநிலக் கொள்முதல்தான். தமிழகக் குறியீடு 33, புதுவைக் குறியீடு 34. ஆகவே கணக்குத் தொலைந்தால் மீண்டும் எழுதுவது எளிதல்ல.

மாதாந்திர 3பி படிவத்துக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி இரவு, எங்கள் கணினி ‘புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்’ என்று நின்றுவிட்டது. இடையில் மின்சாரம் போயிற்று. வந்தபின், ‘புதுப்பிக்க இயலவில்லை, பழைய நிலைக்கு மாற்றுகிறோம்’ என்றது. பொழுதும் விடிந்தது, தாமதக் கட்டணமும் சேர்ந்தது.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறுவதுண்டு. 2018 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலரது கோப்புகளையே அழித்ததால், மைக்ரோசாப்ட் அதைச் சில நாட்களில் நிறுத்திவைத்தது.

அதற்காகப் புதுப்பிக்காமலே விட்டால் வைரசுக்கு வழி திறந்தாகும். எனவே விண்டோஸ் அமைப்பில் புதுப்பிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி, தாக்கல் முடிந்தபின் தொடங்குவோம். அதற்குமுன் கணக்கைப் பென்டிரைவில் நகலெடுத்து, கழற்றித் தனியே வைப்போம். யு.பி.எஸ். பேட்டரியையும் சரிபார்ப்போம்.

பேரேட்டைப் பெட்டியில் பூட்டி வைத்த பழக்கத்தைக் கணினிக் கணக்கிலும் கைவிடாதிருப்போம்.