திறந்த கணினிப் பலகைக்குத் துணைப் பலகை: சிறு முதலில் ஒரு கைத்தொழில்

இலத்திரனியல் படித்த எமது இளைஞர்கள் பலருக்குச் சொந்தமாக ஒரு பொருளை உற்பத்தி செய்ய வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. கணினி சார்ந்த பொருள் என்றதும், அதற்குப் பெரும் முதல் வேண்டுமே என்று பின்வாங்கி விடுகிறார்கள். கணினியையே செய்ய வேண்டும் என்பதில்லை. ஏற்கனவே சந்தையில் உள்ள சிறிய கணினிப் பலகை ஒன்றின் மீது செருகிப் பொருத்தக்கூடிய துணைப் பலகையைச் செய்து விற்பதும் ஒரு தொழில்தான். அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய ஸ்பார்க்ஃபன், 2005இல் தொடங்கிய அடாஃப்ரூட் ஆகிய கம்பனிகள் பெரும்பாலும் இவ்வாறான சிறு பலகைகளையும் உதிரிகளையும் விற்றே வளர்ந்தன.

உதாரணமாக பீகிள்போன் பிளாக் என்ற பலகையை எடுத்துக் கொள்வோம். உள்ளங்கையளவு கணினி, 2013இல் 45 டொலர் விலையில் வெளிவந்தது. இதனை உருவாக்கிய பீகிள்போர்ட் ஓஆர்ஜி அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள இலாப நோக்கற்ற அமைப்பு. மின்சுற்று வரைபடம், பலகையின் தளவமைப்பு, உதிரிகளின் பட்டியல் எல்லாவற்றையும் அவர்கள் பகிரங்கமாக வெளியிட்டிருக்கிறார்கள். யாரும் பார்க்கலாம், மாற்றலாம், தயாரித்து விற்கவும் செய்யலாம். திறந்த வன்பொருள் என்பதன் பொருள் இதுதான். 2015இல் சீனாவின் ஷென்சென் நகரத்து சீட் ஸ்டூடியோ என்ற கம்பனி, எச்டிஎம்ஐ இணைப்பை நீக்கிவிட்டு உணரிகளுக்கான இரு செருகிகளைச் சேர்த்து பீகிள்போன் கிறீன் என்ற பெயரில் வெளியிட்டது.

இதைவிடப் பிரபலமான ரஸ்பெரி பை பலகையைப் பலர் திறந்த வன்பொருள் என்று எண்ணியிருக்கிறார்கள். அதன் முழு வடிவமைப்புக் கோப்புகள் வெளியிடப்படுவதில்லை. வரைபடத்தின் ஒரு பகுதிதான் கிடைக்கிறது. துணைப் பலகை செய்பவருக்கு இதில் என்ன அக்கறை? அவருடைய பொருள் மற்றொருவரின் பொருளை நம்பி நிற்கிறது. 2021இல் உலகளாவிய சிப் தட்டுப்பாடு வந்தபோது ரஸ்பெரி பை 4இன் 2 ஜிகாபைட் வகை 35 டொலரிலிருந்து 45 டொலராக உயர்ந்தது. நீண்ட காலம் கடைகளில் கிடைக்கவுமில்லை. தாய்ப் பலகை இல்லையென்றால் துணைப் பலகையை யார் வாங்குவார்கள்? திறந்த வடிவமைப்பு என்றால் இன்னொருவர் தயாரிக்க முன்வரும் வாய்ப்பாவது உண்டு. சிப் கிடைக்காத காலத்தில் வரைபடம் கையில் இருந்தும் பயனில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

வரைபடம் இலவசம் என்பதால் பெயரும் இலவசம் என்று கருதிவிடக் கூடாது. பீகிள்போன், ஆர்டுயினோ போன்ற பெயர்கள் வணிகச் சின்னங்கள். "பீகிள்போனுக்குப் பொருந்தும்" என்று உங்கள் பொதியில் எழுதலாம். உங்கள் பலகைக்கே பீகிள்போன் என்று பெயர் வைக்க முடியாது. அதேபோல், அவர்களது பலகையைப் பிரதி செய்து திருத்தி வெளியிட்டால், உங்கள் திருத்தத்தையும் அதே நிபந்தனையில் வெளியிட வேண்டும். மேலே செருகப்படும் புதிய பலகை உங்கள் சொந்த வடிவமைப்பு. அதனைத் திறப்பதா மூடுவதா என்பது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் மின்சுற்று வரைபடத்தையாவது வெளியிடுங்கள் என்பேன். வாங்கியவர் பழுது பார்க்க முடிந்தால் உங்களைத் தொந்தரவு செய்வது குறையும்.

இனி வடிவமைப்புக்கு வருவோம். பீகிள்போனின் இரு ஓரங்களிலும் 46 முனைகள் வீதம் பி8, பி9 என இரு வரிசைகள் உண்டு. அவற்றில் செருகும் பலகைக்குக் "கேப்", அதாவது மேற்போர்வை என்று பெயர். வலையமைப்புச் செருகிக்கு இடம்விட்டு அதன் ஓரம் வளைந்திருப்பதால் வந்த பெயர் அது. முனைகள் எங்கே இருக்கின்றன என்பது ஓர் ஒப்பந்தம் போன்றது. ஆர்டுயினோவில் எண் 7, 8 முனைகளுக்கு இடையிலான தூரம் வழமையான 2.54 மில்லிமீற்றராக இல்லாமல் சுமார் 4 மில்லிமீற்றராக இருக்கும். வரைந்தபோது நேர்ந்த தவறு அது. ஆனால் அதற்கேற்பத் துணைப் பலகைகள் சந்தைக்கு வந்துவிட்டதால் திருத்த முடியவில்லை. இன்றும் அப்படியே தொடர்கிறது.

நான்கு மின்விளக்குகளையோ நீர்ப்பம்பிகளையோ இயக்கும் ரிலே பலகை ஒன்றைச் செய்வதாக வைத்துக் கொள்ளுங்கள். கிகேட் என்ற இலவச மென்பொருளில் ஓரிரு வாரத்தில் வரைந்துவிடலாம். சிக்கல் மின்சாரத்தில்தான் இருக்கிறது. இந்தக் கணினியின் முனைகள் 3.3 வோல்டில் இயங்குபவை. 5 வோல்ட் கொடுத்தால் சிப் எரிந்துவிடும். உணரிகளுக்கான அனலொக் முனைகள் தாங்குவதோ 1.8 வோல்ட் மாத்திரம். தாய்ப் பலகைக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் எந்த முனைக்கும் வெளியிலிருந்து மின்னழுத்தம் போகக்கூடாது. தனி மின்வழங்கி உள்ள துணைப் பலகைகள் பல இந்த இடத்தில்தான் தவறுகின்றன.

சிறிய 5 வோல்ட் ரிலே ஒன்றின் சுருள் ஏறத்தாழ 70 மில்லி அம்பியர் எடுக்கும். கணினியின் முனை தரக்கூடியதோ சில மில்லி அம்பியர்தான். எனவே ஒவ்வொரு ரிலேக்கும் ஒரு டிரான்சிஸ்டரும், சுருளில் எழும் எதிர்மின் அதிர்வைத் தாங்க ஒரு டயோடும் அவசியம். நான்கும் ஒரே நேரத்தில் இயங்கினால் 280 மில்லி அம்பியர். யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு வருவதோ மொத்தம் 500 மில்லி அம்பியர். அதில் பெரும்பங்கைக் கணினியே எடுத்துக்கொள்ளும். பி9இன் 5, 6ஆம் முனைகளில் 5 வோல்ட் தாராளமாகக் கிடைக்கும் என்று நம்பி வரைபவர்கள் உண்டு. வட்ட மின்செருகியில் மின்வழங்கியை இணைத்தால்தான் அம்முனைகளில் மின்சாரம் வரும். யூஎஸ்பியில் மட்டும் இயக்கினால் வராது. உங்கள் மேசையில் நன்றாக வேலை செய்த பலகை வாடிக்கையாளரிடம் போய்ச் செத்துக் கிடப்பதற்கு இது போதும். ரிலேக்களுக்குத் தனி 5 வோல்ட் இணைப்பு வைப்பதே நல்லது.

பி8இன் 31 முதல் 46 வரையான முனைகளை இயன்றவரை தொடாதீர்கள். கணினி உயிர்பெறும் கணத்தில் எங்கிருந்து தொடங்குவது என்பதை அவற்றைப் பார்த்தே தீர்மானிக்கிறது. அங்கே உங்கள் பலகை குறுக்கிட்டால் கணினி எழும்பாது; குற்றம் யாருடையது என்று எவருக்கும் விளங்காது. அதே வரிசையின் வேறு பல முனைகளை எச்டிஎம்ஐயும் உள்நினைவகமும் ஏற்கனவே பயன்படுத்துகின்றன.

எல்லாவற்றையும் விடப் பாரதூரமானது 230 வோல்ட் பக்கம். வீட்டு மின்சாரம் ஓடும் செப்புத் தடத்துக்கும் கணினிப் பக்கத் தடத்துக்கும் இடையே 6 மில்லிமீற்றருக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். ரிலேயின் கீழே பலகையை வெட்டி ஒரு பிளவும் வையுங்கள். பலகையைச் சிறிதாக்கிச் சில சதம் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. பள்ளிப் பிள்ளைகளும் இதைத் தொடுவார்கள்.

கேப் பலகையில் ஈஈப்ரொம் என்ற சிறு நினைவகச் சிப் ஒன்றையும் வைக்க வேண்டும். பலகையின் பெயர், பதிப்பு, தயாரித்தவர், பயன்படுத்தும் முனைகள் ஆகியவை அதில் பதியப்படும். கணினி எழும்போது அதை வாசித்து, மேலே இருப்பது எந்தப் பலகை என்று அறிந்துகொள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பலகைகள் வரை அடுக்கலாம். அதற்கென நான்கு முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. முகவரியை மாற்றச் சிறு ஆளி வைக்காமல் விட்டால், ஒரே முகவரியில் இரு பலகைகள் மோதிக்கொள்ளும். சிப்பின் விலையோ சொற்பம். பதிந்த பின் அழிபடாமல் பூட்டி விடவும் மறக்க வேண்டாம்.

இப்போது கணக்கு. உதாரணத்துக்கு ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்போம். 100 பலகைகள்; உதிரி 6 டொலர், பலகையும் பொருத்துகூலியும் 3, கப்பற்கூலியும் தீர்வையும் 1.50, பரிசோதனையும் பொதியும் 1. ஒன்றுக்கு 11.50, மொத்தம் 1,150 டொலர். மாதிரிகள் இருமுறை செய்து பார்க்க 240 டொலர் என்றால் கைமுதல் 1,390. கடையில் 30 டொலருக்கு விற்கும் பொருளுக்கு விநியோகஸ்தர் 40 சதவீதம் எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது 18. அதாவது 78 பலகைகள் விற்ற பின்னரே போட்ட முதல் திரும்பும். ஐந்து பழுதாகி 95 விற்றால் மிஞ்சுவது 320 டொலர்; உங்கள் உழைப்புக்கும் பல மாதம் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியதற்கும் சேர்த்து அவ்வளவுதான். நேரடியாக விற்றால் இலாபம் கூடும், வேலையும் கூடும்.

ஆகவே இதற்கு வட்டிக்குக் கடன் எடுக்க நினைப்பவர்கள், மார்க்கம் ஒருபுறமிருக்க, கணக்கின்படியும் யோசிக்க வேண்டும். பணமுள்ளவரோடு முழாரபா முறையில் கூட்டுச் சேர்ந்தால் இலாபம் பேசிய விகிதத்தில் பிரியும். கவனயீனமின்றி நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணமும் உழைத்தவருக்கு உழைப்பும் போகும். தொடங்குவதற்கு அதுவும் உடனே தேவைப்படாது. சீனத் தொழிற்சாலைகள் ஐந்து வெற்றுப் பலகைகளைச் சில டொலர்களுக்கு அச்சிட்டுத் தருகின்றன; அனுப்பும் கூலிதான் அதைவிட அதிகம். அந்த ஐந்தில் இரண்டை, யூஎஸ்பியில் இயக்கும் ஒருவரிடமும் வேறு துணைப் பலகை வைத்திருக்கும் ஒருவரிடமும் கொடுத்து ஒரு மாதம் பாவிக்கச் சொல்லுங்கள். எந்தெந்த முனைகளைப் பயன்படுத்துகிறது, எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது, எந்தப் பலகையுடன் சேராது என்பதைப் பொதியின் உள்ளே அல்ல, வாங்குமுன் தெரியும்படி வெளியே அச்சிடுங்கள். குறையை மறைத்து விற்பது எமக்கு ஆகுமானதல்ல. அந்தப் பட்டியல் எழுதி முடிந்த பிறகு நூறு பலகைகளுக்கு ஓடர் கொடுக்கலாம்.