‘நான் தூக்கினால் ஏதாவது ஆகிவிடுமோ?’

குறைமாதத்தில் பிள்ளை பெற்றவள் பெரும்பாலும் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் அதைப் பார்க்கிறாள். உள்ளே இன்குபேட்டருக்குள் ஒன்றரைக் கிலோ உயிர். மூக்கில் டியூப், காலில் ஒயர். ‘நான் தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ சிஸ்டர்?’ என்கிறாள். என் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிகிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்ற எண்ணம் அங்கேதான் விழுகிறது.

இதைப் பயந்த சுபாவம் என்று தள்ளிவிடுவது பெரிய தவறு. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் விளக்கினார். பிறர் செய்வதைப் பார்த்து வரும், பிறர் சொல்லிக் கேட்டு வரும், உடலும் மனமும் இருக்கும் நிலையைப் பொறுத்தும் வரும். எல்லாவற்றையும்விட வலுவாக வருவது, தானே ஒன்றைச் செய்து பார்த்த அனுபவத்திலிருந்து. தையல் வலி, தூக்கமில்லாத இரவு, ஆஸ்பத்திரிச் செலவு என்று தவிப்பவளிடம் ‘தைரியமா இரும்மா’ என்கிறோம். அது நான்கில் ஒன்றுதான். வலுவானது அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

கொலம்பியாவின் பொகோட்டா நகர மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் 1978இல் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒன்றிலேயே பல குழந்தைகளைக் கிடத்தினார்கள். தொற்றும் மரணமும் அதிகம். பிள்ளையை விட்டுவிட்டுப் போன தாய்மாரும் உண்டு. டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தையைத் தாயின் வெறும் மார்பில், நிமிர்ந்த வாக்கில் கட்டிவைக்கச் சொன்னார். உடற்சூடே இன்குபேட்டர் ஆனது. இன்று நம் மருத்துவமனைகளிலும் இதைக் கங்காரு பராமரிப்பு என்கிறார்கள்.

குழந்தைக்காகச் செய்த ஏற்பாடு தாயை என்ன செய்தது? அதே பொகோட்டாவில் இரண்டு கிலோவுக்கு உட்பட்ட 488 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 1998இல் வெளியானது. மார்பில் சுமந்த தாய்மார் தங்கள் திறமையை அதிகமாக நம்பினார்கள். குழந்தை நீண்ட நாள் மருத்துவமனையிலேயே இருக்க நேர்ந்த கடினமான வேளையிலும் அந்த நம்பிக்கை மற்றத் தாய்மாரைவிடக் கூடுதலாகவே இருந்தது. அறிவுரை சாதிக்காததை, தன் மார்பில் பிள்ளையின் மூச்சு சீராவதை உணர்ந்த அனுபவம் சாதித்தது. பாலாடையில் முதல் சொட்டுப் பாலைத் தானே புகட்டியவளுக்கும் இது புரியும்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு; எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. குழந்தை நீண்ட நாள் தங்க நேர்ந்த அதே நிலையில், சுமந்த தாய்மார் தங்களுக்குத் துணையில்லை என்றும் அதிகமாக உணர்ந்தார்கள். திறமை கூடியது, தனிமையும் கூடியது. சுமக்கக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று மருத்துவமனையும் குடும்பமும் விலகிவிட முடியாது.

2021இல் வெளியான இன்னோர் ஆய்வில், டெல்லி மருத்துவமனை ஒன்று உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பு தொடங்கப்பட்டது. 28 நாட்களுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். எடை குறைந்த குழந்தையை ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை இப்படிச் சுமக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வளவு நேரம் ஒருத்தியே உட்கார முடியுமா? சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி வேண்டும், வேளைக்குச் சாப்பாடு வேண்டும், வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். அவள் குளித்துவிட்டு வரும்வரை அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம்.