தூரிகை பிடித்த அன்னை

எங்கள் வில்லியனூர் பக்கம் எத்தனையோ வீடுகளில், கடைகளில் அன்னையின் போட்டோ மாட்டியிருக்கும். தினமும் பூ வைத்துக் கும்பிடுகிறோம். அந்தப் போட்டோவில் இருப்பவர் ஓர் ஓவியர், ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாத்தனார் வீட்டில் அவருடைய ஓவியப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர் பெயர் மீரா அல்ஃபாசா. 1878-ல் பாரிஸில் பிறந்தவர். பாரிஸின் பெரிய அரசு ஓவியப் பள்ளியில் 1897 வரை பெண்களைச் சேர்க்கவே மாட்டார்களாம். (அங்கேயும் அப்படித்தான் பாருங்கள்!) இவர் படித்தது ஜூலியன் அகாதமி என்ற தனியார் பள்ளியில். 19 வயதில் ஆன்றி மொரிசே என்ற ஓவியருடன் கல்யாணம். மறு வருஷமே ஆந்த்ரே என்று ஒரு பையன்.

அதோடு தூரிகையை மூட்டை கட்டியிருப்பார் என்றுதானே நினைப்போம்? 1903, 1904, 1905 என்று மூன்று வருஷமும் பாரிஸில் நடந்த பெரிய கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. அப்போது பையனுக்கு ஐந்து, ஆறு வயசுதான்.

பிறகு அல்ஜீரியா போனார். 1908-ல் முதல் கணவரைப் பிரிந்தார். பால் ரிஷாரை மணந்து, 1914-ல் கப்பலில் கொழும்பு வந்து, தனுஷ்கோடியில் ரயிலேறி, மார்ச் 29-ம் தேதி பாண்டிச்சேரி வந்து சேர்ந்தார். விழுப்புரத்திலிருந்து பாண்டிக்கு வரும் ரயில் அன்றைக்கும் எங்கள் ஊர் வழியாகத்தான்! அடுத்த வருஷம் திரும்பிப் போய், 1916 முதல் ஜப்பானில் நாலு வருஷம். அங்கே தாகூரைச் சந்தித்தார். நிறைய படமும் வரைந்தார். 1920-ல் மறுபடி பாண்டி வந்தவர், 1973-ல் மறையும் வரை இங்கேயேதான். ஆசிரமப் பொறுப்புகளுக்கு நடுவிலும் ஸ்ரீ அரவிந்தரையும் உடன் இருந்தவர்களையும் பென்சிலால் வரைந்திருக்கிறார்.

எனக்கு மனசு ஆறாத இடம் ஒன்று உண்டு. மகன் பிரான்சிலேயே இருந்துவிட்டார். 1916-க்குப் பிறகு தாயும் பிள்ளையும் பார்த்துக்கொண்டது 1949-ல்தான். முப்பத்துமூன்று வருஷம்! இதைச் சொன்னதும் என் மாமியார், "பெத்த பிள்ளைய விட்டுட்டு அப்படி என்ன படம் வேண்டிக்கிடக்கு?" என்றார். பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. "ஆம்பளை கடல் தாண்டிப் போனா இப்படிக் கேப்பீங்களா?" என்று பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒன்று. அவர் மகனைப் பிரிந்து வந்தது படம் வரைவதற்காக இல்லை. ஆன்மிகத் தேடல் அவரை இழுத்து வந்தது. பிள்ளை சின்னவனாக இருந்த வருஷங்களில்தானே அவர் படங்கள் கண்காட்சிக்குப் போயின!

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் மகள். பிளஸ் டூ முடித்துவிட்டாள். பாகூர் பக்கம் அய்யனார் கோயிலுக்குப் போனால் மண்குதிரையை வரையாமல் வரமாட்டாள். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்க ஆசை. "படம் வரையற பொண்ணு குடும்பம் நடத்துமா?" என்பது வீட்டில் பெரியவர்கள் கேள்வி. சுடுமண் சிற்பக் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது நம்ம ஊர்க்காரர் என்று பெருமைப்பட்டது இதே வீடுதான்! அவர் ஆண்பிள்ளை, அவரிடம் யாரும் அந்தக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

போன வாரம் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிவந்து மாமியாரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜப்பான் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "கோடு சுத்தமா இருக்கு" என்றார். மகள் விஷயத்தில் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

- ஒரு வாசகி, வில்லியனூர்.